பூவெல்லாம் கொட்டுன மாதுளை: ஒரு செடியோட முழு கேஸ்

மாதுளை நல்லா பூக்குது ஆனா ஒரு காய் கூட நிக்க மாட்டேங்குதுன்னு கேக்கறவங்க ரொம்ப ஜாஸ்தி. அவங்கள்ல நிறைய பேருக்கு கிடைக்கிற பதில் ஒண்ணே ஒண்ணு, "அது ஆண் மரம்ங்க, வெட்டிட்டு வேற வைங்க". இந்த பேச்சை கேட்டு எத்தனை நல்ல செடி வேரோட போயிருக்கும்னு நினைச்சாலே மனசு கஷ்டமா இருக்கு. மாதுளையில ஆண் மரம் தனி, பெண் மரம் தனின்னு கிடையவே கிடையாது. ஒரே செடியில, பல நேரம் ஒரே கொத்துல, ரெண்டு விதமான பூ வரும். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சிரும். இப்ப எழுதப்போறது அப்படி வெட்டப்போன கடைசி நேரத்துல நின்ன ஒரு செடியோட கதை, எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா வீட்டு செடி. என்ன பார்த்தோம், எதை மாத்துனோம், எது சரியா வந்துச்சு, எது இன்னும் வரலன்னு எல்லாமே வரிசையா சொல்றேன்.

செடியோட நிலைமை

காம்பவுண்டு சுவர் ஓரமா தரையில வச்ச செடி, அஞ்சு வயசு இருக்கும், ஆள் உயரத்துக்கு கொஞ்சம் மேல. நல்ல காய்ப்புள்ள ஒரு செடியோட குச்சியை வெட்டி நட்டு வந்தது, விதை போட்டு வந்தது இல்ல. இது முக்கியமான தகவல், ஏன்னா விதையில வர்ற மாதுளை தாய்ச்செடி மாதிரியே இருக்கும்னு சொல்ல முடியாது, குச்சி நட்டதுன்னா தாயோட குணம் அப்படியே வரும், அதனால "ரகமே சரியில்ல"ங்கிற சந்தேகத்தை ஆரம்பத்துலயே ஒதுக்கிடலாம்.

இலை கரும்பச்சை, பளபளன்னு, பார்க்க அவ்ளோ செழிப்பு. பூவும் சிவப்பா செடி முழுக்க. அடியில பார்த்தா தரையே சிவப்பா கிடக்கு, கொட்டுன பூ. ரெண்டு சீசனா இதே கதைதான். அக்கா என்கிட்ட சொன்னது, "தம்பி, பூவுக்காகவாவது இருக்கட்டும்னு விட்டு வச்சேன், இப்ப எல்லாரும் ஆண் மரம்னு சொல்றாங்க, ஆள வரச்சொல்லி இருக்கேன் எடுத்துடலாம்னு." ஒரு சீசன் பொறுங்கக்கா, அதுக்கப்புறம் உங்க இஷ்டம்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.

பராமரிப்பு எப்படின்னு விசாரிச்சதுல கிடைச்சது இதெல்லாம். யூரியா, அளவே இல்லாம, பூ கொட்டுதேன்னு பயந்து இன்னும் கூடுதலா. தோட்ட வேலைக்கு வர்றவர் ரெண்டு மாசத்துக்கு ஒருக்க பெரிய கத்திரியை வச்சு வேலி மாதிரி உருண்டையா ட்ரிம் பண்ணிட்டு போவாரு. தண்ணி தினம் சாயங்காலம் ஹோஸ் பைப்ல நிறைய, ஆனா வீட்ல ஆள் இல்லாத வாரத்துல சுத்தமா கிடையாது. பூச்சி இருக்கோ இல்லையோ பூக்கிற நேரத்துல மருந்து அடிச்சிருக்காங்க. மதியத்துக்கு மேல சுவர்ல படர்ந்த ஒரு கொடியோட நிழல் செடி மேல பாதிக்கு விழுது.

பூவை அறுத்து பார்த்தப்போ

இந்த கேஸ்ல உண்மையை சொன்னது கீழ கிடந்த பூதான். ஒரு வேட்டியை விரிச்சு அன்னைக்கு கொட்டுனது, கொட்டப்போற மாதிரி காம்பு மஞ்சளா இருந்தது எல்லாத்தையும் பொறுக்கி போட்டு, பிளேடால நடுவுல நெடுக்க கீறி ஒவ்வொண்ணா பார்த்தோம்.

மாதுளம்பூவோட வெளிப்பக்கம் கெட்டியான, மெழுகு பூசின மாதிரி ஒரு சிவப்பு புல்லி இருக்கும், அஞ்சுல இருந்து எட்டு பல்லு வரைக்கும், அதுக்குள்ளதான் கசங்குன துணி போல இதழ். பார்க்க வேண்டியது அந்த புல்லியோட அடியை. அடி குறுகி காம்பு வரைக்கும் கூம்பா இறங்குனா அது மணி வடிவ பூ. அதை கீறினா உள்ள மகரந்தத்தாள் கூட்டமா இருக்கும், ஆனா சூலகம், அதாவது காயா மாற வேண்டிய அடிப்பகுதி, ரொம்ப சின்னதா வளராம நிக்கும், நடுவுல இருக்கிற சூல்தண்டு குட்டையா தாள்களுக்கு கீழேயே ஒளிஞ்சிருக்கும். இது வேலை அளவுல ஆண் பூ, எவ்ளோ உரம் போட்டாலும் காயாகாது, மகரந்தத்தை குடுத்துட்டு விழறதுதான் அதோட வேலை. அடி அகலமா புடைச்சு, குடம் மாதிரி இருந்தா அது ஆண், பெண் ரெண்டும் சேர்ந்த பூ. கீறினா உள்ள விதையாகப்போற குட்டி குட்டி வெள்ளை சூல் அடுக்கா தெரியும், சூல்தண்டு நீளமா வளர்ந்து அதோட பச்சை முனை, அதாவது சூல்முடி, மகரந்தப்பைகளுக்கு சமமாவோ மேலயோ நிக்கும். காயாக வேண்டியது இந்த குடப்பூ மட்டும்தான். இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு மாதிரி அரைகுறை பூவும் உண்டு, அது சில சமயம் பிஞ்சு பிடிச்சாலும் காய் கோணலா வரும்.

எந்த மாதுளையிலயும் பாதிக்கு மேல மணிப்பூவா இருக்கிறது சகஜம், அதெல்லாம் கொட்டத்தான் செய்யும், அதுக்கு பயப்படவே வேண்டாம். ஆனா இந்த செடியில கிடந்தது கிட்டத்தட்ட மொத்தமும் மணிப்பூ. அங்கங்க ஒண்ணு ரெண்டு குடப்பூவும் கிடந்துச்சு, அதுதான் என்னை யோசிக்க வச்சது. அதை கீறினா சூல் எல்லாம் நல்லாதான் இருக்கு, புழு துளைச்ச ஓட்டை இல்ல, அழுகல் இல்ல, கருப்பு புள்ளி இல்ல, ஆனா ஒண்ணுகூட பெருசாகல. மகரந்தம் சேரல.

அதனால ஒரே மாதிரி தெரியற பூக்கொட்டுக்குள்ள மூணு விஷயம் கலந்து இருக்குன்னு பிரிச்சு வச்சுக்கிட்டேன். மணிப்பூ கொட்டுறது இயற்கை. குடப்பூவே கம்மியா வர்றது பராமரிப்பு கோளாறு. வந்த குடப்பூவும் நிக்காதது மகரந்தச்சேர்க்கை கோளாறு. மூணுக்கும் மருந்து வேற வேற, "பூக்கொட்டுக்கு டானிக்"னு ஒண்ணை வாங்கி அடிச்சா சரியாகற விஷயம் இல்ல இது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்க்கணும்ல. அழகுக்காகவே வளர்க்கிற அடுக்கு மாதுளைன்னு ஒண்ணு இருக்கு, பூ ரோஜா மாதிரி அடுக்கடுக்கா வரும், அதுல மகரந்தத்தாள் எல்லாம் இதழா மாறிப்போயிருக்கும், பொதுவா காய்க்காது. அந்த செடியை வச்சுக்கிட்டு காய்க்கு காத்திருக்கிறது வீண். குள்ள மாதுளை இன்னொண்ணு, சின்ன தொட்டியிலயே பூத்து காய்க்கும், ஆனா காய் பொடிசு, புளிப்பு தூக்கல். இந்த செடியில இதழ் ஒரே சுத்து, தாள் முழுசா இருக்கு, அடுக்கு ரகம் இல்ல, தாய்ச்செடியும் காய்ச்ச செடி.

ஏன் இப்படி ஆச்சு

யூரியாவுல இருக்கிற தழைச்சத்து அதிகமானா மாதுளை இலையும் கொழுந்துமா ஓடும், பூவுக்கு வேண்டிய மாவுச்சத்து மிச்சமே இருக்காது. சூலகத்தை வளர்க்கிறது செடிக்கு செலவான வேலை, கையிருப்பு இல்லன்னா மலிவா முடியற மணிப்பூவைத்தான் போடும். நிழலும் இதே வேலையைத்தான் பண்ணும், மாதுளைக்கு குறைஞ்சது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேணும், இதுக்கு கிடைச்சது அதுல பாதி சொச்சம்.

ட்ரிம்மிங்தான் என் கணக்குல பெரிய குற்றவாளி. மாதுளை பூக்கிறது முத்தின கிளையில இருந்து வர்ற குட்டை குட்டையான கிளைகள்ல, அதோட நுனியில. அந்த குட்டைக் கிளை மூணு நாலு வருஷம் வரைக்கும் பூ குடுக்கும். உருண்டையா கத்திரிச்சா என்ன ஆகும், அந்த நுனிங்க தான் முதல்ல போகும், பதிலுக்கு கொழுகொழுன்னு புது நீட்டுக்கிளை கிளம்பும், அதுல இலைதான் இருக்கும். வேலிச்செடி அழகும் வேணும் பழமும் வேணும்னா மாதுளையில நடக்காது, ஒண்ணை விட்டுத்தான் ஆகணும். ஆனா கத்திரிக்காம விட்ட மாதுளைதான் உண்மையிலயே அழகுன்னு நான் நினைக்கிறேன், வில்லு மாதிரி வளைஞ்ச கிளை, நுனியில பூவும் காயுமா ஒரே நேரத்துல தொங்கும்.

மருந்து விஷயம் சொல்லவே வேண்டாம். மாதுளை தன் மகரந்தத்தாலயே காய்க்கக்கூடிய செடிதான், இன்னொரு செடி கட்டாயம் இல்ல, ஆனா மகரந்தத்தை தூக்கிட்டு போக தேனீ வேணும். பூ விரிஞ்சிருக்கிறப்போ மருந்து அடிச்சா அந்த தேனீயைத்தான் விரட்டறோம்.

என்ன பண்ணோம்

யூரியாவை அன்னையோட நிறுத்தியாச்சு. அதுக்கு பதிலா நல்லா மக்குன தொழுவுரம் தண்டுல இருந்து ஒரு முழம் தள்ளி சுத்தி போட்டு, மேல காய்ஞ்ச சருகு ஒரு விரக்கடை கனத்துக்கு மூடாக்கு. கத்திரியை உள்ள வச்சாச்சு. ஆனா கவாத்தே, அதாவது தேவையில்லாத கிளையை வெட்டறதே, வேண்டாம்னு அர்த்தம் இல்ல, செடி ஓய்வுல இருந்தப்போ அடியில இருந்து கிளம்புன பக்கக்கன்று குச்சிகளை எல்லாம் வேரோட ஒட்டி எடுத்து, பலமான நாலு தண்டை மட்டும் விட்டு, நடுவுல ஒண்ணோட ஒண்ணு உரசுற கிளை, காய்ஞ்ச கிளை, உள்ள பார்த்து வளர்ற கிளை மட்டும் வெட்டுனோம். வெளிச்சம் நடுத்தண்டு வரைக்கும் விழணும், அதுதான் அளவு. சுவர்க்கொடியையும் பாதி இறக்கியாச்சு, முழுசா எடுக்க அக்காவுக்கு மனசு வரல.

தண்ணி விஷயத்துல கொஞ்சம் வாக்குவாதம். மாதுளை வறட்சியை தாங்கும், கொஞ்சம் உப்பு மண்ணையும் தாங்கும், அதனால தண்ணி எப்படி குடுத்தா என்னன்னு ஒரு எண்ணம் எல்லார்கிட்டயும் இருக்கு. தாங்கறது வேற, காய்க்கறது வேற. மேல்மண் ரெண்டு விரல் ஆழம் காய்ஞ்சதும் ஆழமா ஒரு தடவை, அடுத்தது திரும்ப காய்ஞ்சதும், ஊருக்கு போனா பக்கத்துல சொல்லிட்டு போகணும், இதுதான் ஏற்பாடு.

அடுத்த பூ வந்தப்போ கையால மகரந்தம் சேர்த்தோம். காலையில மணிப்பூ ஒண்ணை பறிச்சு இதழை உரிச்சுட்டு, மஞ்சள் பொடி உதிர்ற அந்த தாள் கூட்டத்தை அப்படியே குடப்பூவோட சூல்முடி மேல மெதுவா தேய்க்கிறது, இல்லன்னா மென்மையான பெயிண்ட் பிரஷ். பூ விரிஞ்ச முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள பண்ணிடணும். செடியோட ஒரு பக்கத்து பூவுக்கு மட்டும் இதை பண்ணி நூல் கட்டி வச்சோம், இன்னொரு பக்கத்தை தேனீ கையிலயே விட்டுட்டோம், வித்தியாசம் தெரியணும்னு.

என்ன நடந்துச்சு

முதல்ல வந்த மொக்கு எல்லாம் பழையபடி மணிப்பூ. அக்கா முகத்தையே பார்க்க முடியல. மாதுளை ஒரே மூச்சுல பூக்காது, அலை அலையா வரும், அதனால அடுத்த அலையை பார்ப்போம்னு சமாதானம் சொல்லிட்டு இருந்தேன், எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு படபடப்புதான். அடுத்த அலையில குடப்பூ கண்ணுக்கு தெரியற அளவுக்கு கூடுச்சு, குறிப்பா வெயில் பக்கம் இருந்த குட்டைக் கிளைகள்ல.

காய் பிடிச்சதா இல்லையான்னு ஒரு வாரம் பத்து நாள்ல தெரிஞ்சிரும். பிடிக்காத பூவுக்கு காம்பு ஓரம் மஞ்சள் ஓடும், தொட்டா விழும். பிடிச்ச பூவுல இதழ் உதிர்ந்தப்புறமும் புல்லி கெட்டியா நிக்கும், அடி மினுமினுன்னு உப்ப ஆரம்பிக்கும். அந்த உப்புன அடியை முதல் தடவை விரலால தொட்டு பார்த்த அக்கா, "தம்பி இது நிஜமாவே காயா"ன்னு திரும்ப திரும்ப கேட்டாங்க. நூல் கட்டின பக்கம் நல்லாவே பிடிச்சிருந்துச்சு. நூல் கட்டாத பக்கமும் கம்மியா ஆனா பிடிச்சிருந்துச்சு, மருந்து நிறுத்தினதுல தேனீ திரும்ப வந்திருந்துச்சு, காலையில சத்தமே கேக்கும். கொத்துல ரெண்டு மூணு பிடிச்ச இடத்துல ஒண்ணை விட்டு மத்ததை கிள்ளி எடுத்தோம், அக்காவுக்கு அது பெரிய வலி, ஆனா ஒட்டி ஒட்டி வளர்ற காய்க்கு நடுவுலதான் பூச்சி குடியேறும், காயும் சிறுத்து போகும்.

வெடிப்பும் புழுவும்

எல்லாம் சரியா போயிட்டு இருந்தப்போ ரெண்டு தொல்லை வந்துச்சு. காய் பாதிக்கு மேல வளர்ந்தப்போ கொஞ்ச நாள் மண் நல்லா காய்ஞ்சு போச்சு, அதுக்கப்புறம் திடீர்னு கன மழை. ரெண்டு நாள்ல சில காய் தோல் பிளந்து முத்து வெளிய தெரியுது. வறட்சியில தோல் இறுகி விரியற தன்மையை இழந்துடும், அப்புறம் தண்ணி கிடைச்சதும் உள்ள இருக்கிற முத்து வேகமா ஊதும், தோல் தாங்காது, பிளந்துடும். போரான் சத்து குறைஞ்சாலும் வெடிப்பு வரும், ஆனா இங்க நடந்த நேரத்தை வச்சு பார்த்தா காரணம் தண்ணி ஏத்த இறக்கம்தான், போரான் வாங்க ஓட வேண்டிய அவசியம் இல்ல. மூடாக்கை இன்னும் கனமா போட்டு, மழை இல்லாத நாள்லயும் ஈரம் விடாம பார்த்துக்கிட்டோம், மிச்ச காய் தப்பிச்சுச்சு.

அடுத்தது மாதுளை வண்ணத்துப்பூச்சியோட புழு. பூ மேலயும் பிஞ்சு மேலயும் முட்டை வைக்கும், பொரிச்ச புழு துளைச்சுக்கிட்டு உள்ள போய் விதையை தின்னும், ஓட்டை வாயில எச்சம் தள்ளி வச்சிருக்கும், அப்புறம் அதுவழியா பூஞ்சை பாக்டீரியா எல்லாம் போய் நாத்தம் வரும். உள்ள போன புழுவுக்கு வெளிய மருந்து அடிச்சு பிரயோஜனம் இல்ல. துளை விழுந்த காயை உடனே பறிச்சு தள்ளி கொண்டு போய் அழிச்சுட்டு, நல்லா இருந்ததுக்கு மெல்லிசு துணிப்பை கட்டியாச்சு. பிஞ்சு எலுமிச்சை அளவு வர்றதுக்கு முன்னாடியே பை கட்டிடறது நல்லது, இந்த தடவை நாங்க கட்டினது கொஞ்சம் பிந்திதான்.

அறுவடை, அப்புறம் மருந்து பேச்சு

பூவுல இருந்து பழம் வர அஞ்சுல இருந்து ஏழு மாசம் ஆகும், ரகத்தையும் வெயிலையும் பொறுத்து. மாதுளை பறிச்சப்புறம் பழுக்காது, அதனால செடியிலயே பழுக்க விடணும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. உருண்டையா இருந்த காய் பக்கவாட்டுல கொஞ்சம் தட்டையாகி முனை தட்டும், தலையில இருக்கிற கிரீடம் உள்பக்கமா மடங்கும், விரலால தட்டுனா கணீர்னு உலோகச் சத்தம் வரும். கத்திரியால காம்போட வெட்டணும், இழுத்தா தோல் கிழியும். பழுதில்லாத பழம் 5 டிகிரி குளிர்ல ரெண்டு மாசம் வரைக்கும் தாங்கும்.

மருத்துவ குணம் பத்தி இந்த செடிக்கு இருக்கிற பேர் பெருசு, அதுல எது உண்மைன்னு பிரிச்சு சொல்றது இந்த கேஸ்ல அவசியம், ஏன்னா அக்கா செடி வச்சதே "ரத்தம் ஊறும்"னு நம்பித்தான். 100 கிராம் முத்துல இரும்புச்சத்து 0.3 மில்லிகிராம் அளவுதான், ரொம்ப கம்மி. ரத்தசோகைக்கு இதை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்துனா ஆபத்து. அதே 100 கிராம்ல நார்ச்சத்து 4 கிராம், வைட்டமின் சி 10 மில்லிகிராம், பொட்டாசியம் 230 மில்லிகிராம் சொச்சம், சர்க்கரை 13, 14 கிராம். அதனால சர்க்கரை நோய் இருக்கிறவங்க ஜூஸா குடிக்காம அளவா முத்தாவே மென்னு சாப்பிடறது மேல். ஜூஸ் ரத்த அழுத்தத்தை கொஞ்சம் குறைக்கும்னு ஆய்வுகள்ல வந்திருக்கு, ஆனா அது கொஞ்சம்தான், மாத்திரைக்கு மாற்று கிடையாது. பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க தினம் டம்ளர் டம்ளரா ஜூஸ் குடிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடணும்.

தோலோட துவர்ப்புக்கு காரணம் டானின் வகை சத்துகள், பியூனிகலாஜின் அதுல முக்கியமானது. அதனாலதான் வயித்துப்போக்குக்கு தோலை காய வச்சு கஷாயம் வைக்கிற பழக்கம் உலகத்துல பல இடத்துல ரொம்ப காலமா இருக்கு. ஆனா வயித்துப்போக்குல உயிருக்கு ஆபத்து உடம்புல தண்ணி வத்திப்போறதுதான், உப்பு சர்க்கரை கரைசலை விட்டுட்டு கஷாயத்தை மட்டும் நம்பக்கூடாது, குழந்தைன்னா சொல்லவே வேண்டாம். மரப்பட்டை, வேர்ப்பட்டை பக்கம் மட்டும் வீட்டு வைத்தியமா போகவே கூடாது. அதுல பெல்லட்டியரின் வகை ஆல்கலாய்டு இருக்கு, முன்னாடி நாடாப்புழுவுக்கு மருந்தா குடுத்ததுதான், ஆனா அளவு கூடினா வாந்தி, தலைசுத்தல், கண் பார்வை மங்கறது வரைக்கும் போகும். கவாத்து பண்ணி போட்ட தண்டை பட்டை உரிச்சு எடுத்து வைக்கலாமான்னு அக்கா கேட்டப்போ கையோட வாங்கி மூடாக்குக்கு நறுக்கி போட்டுட்டேன்.

இன்னும் பாக்கி

இது ஒரே ஒரு செடி. உரம், கவாத்து, வெயில், தண்ணி, தேனீ எல்லாத்தையும் ஒரே சீசன்ல மாத்துனதால குடப்பூ கூடினதுக்கு எது எவ்ளோ காரணம்னு பிரிச்சு சொல்ல இந்த கேஸை வச்சு முடியாது. நூல் கட்டின பக்கத்துக்கும் கட்டாத பக்கத்துக்கும் இருந்த வித்தியாசம் மட்டும்தான் நேரா ஒப்பிட்டு பார்த்தது, அதுலயும் ரெண்டு பக்கத்துக்கும் வெயில் கொஞ்சம் வேற.

சுவர் பக்கத்து தண்டு ஒண்ணு இன்னும் மணிப்பூவை மட்டும்தான் போடுது, அந்த பக்கம்தான் மிச்ச கொடியோட நிழல். அடுத்த ஓய்வு காலத்துல கொடியை முழுசா இறக்கிடலாம்னு அக்காவே சொல்லிட்டாங்க. அதே நேரத்துல வெயில் பக்கத்து தண்டுல இருந்து பென்சில் கனத்துல, ஒரு சாண் நீளத்துக்கு முத்தின குச்சி வெட்டி நாலஞ்சு நட்டு வைக்கப்போறோம், மூணுல ரெண்டு பாகம் மண்ணுக்குள்ள இருக்கணும், கணு மேல பார்த்து இருக்கணும். யூரியா மூட்டையில மிச்சம் இருந்ததை கீரைப்பாத்திக்கு குடுத்தாச்சு.